சில்லு வயலினுக்கு இரண்டு பேரிங்

பத்து, பதினொரு வயதில் இந்த நாட்டில் வந்து இறங்கியவர்களுக்காக இதை எழுதுகிறேன். உங்களுக்கும் இப்போது என்னைப் போல ஐம்பது தாண்டியிருக்கும். மருந்துப் போத்தலில் உள்ள எழுத்தைக் கண்ணாடி இல்லாமல் வாசிக்க ஏலாது. ஆனால் டொக்டரின் அறையில் அம்மாவுக்கும் அவருக்கும் நடுவில் ஒரு கதிரை போட்டு உங்களை இருத்தியது மறந்திருக்காது. வங்கியிலும், வாடகை வீட்டு ஏஜென்டிடமும், பள்ளிக்கூடத்திலும் பெரியவர்கள் பேச வேண்டியதை நாங்கள்தான் பேசினோம்.

எல்லோரும் கொஞ்சம் மாற்றிச் சொல்லியிருப்போம். "வகுப்பில் ஓயாமல் கதைக்கிறாள்" என்று என் ஆசிரியை சொன்னதை, "நல்லாப் பதில் சொல்லுறனாம்" என்று அம்மாவிடம் சொன்னவள் நான். கல்யாண வீடுகளில் சந்திக்கும்போது இந்தக் கதைகளைச் சொல்லிச் சிரிக்கிறோம். எங்கள் எல்லோருக்கும் இப்படி நாலைந்து கதை இருக்கிறது. என்னிடம் சிரிக்க முடியாத ஒன்றும் இருக்கிறது. அதை இந்த வருடம்வரை யாரிடமும் சொன்னதில்லை.

நாங்கள் டூங்கபி என்ற புறநகருக்கு வந்த இரண்டாவது குளிர்காலம் அது. புகையிரத நிலையத்திலிருந்து பத்து நிமிடம் நடக்கிற தூரத்தில் ஒரு பலகை வீடு. அப்பாவுக்குத் தபால் பிரிக்கிற இடத்தில் வேலை, மாறி மாறி ஷிப்ட். அம்மாவுக்கு மின்விசிறி செய்கிற தொழிற்சாலையில் வேலை. ஊரில் அம்மா வயலின் ரீச்சர். பிள்ளைகள் வீட்டுக்கு வந்து படிப்பார்கள். கலை விழாக்களில் பாடுகிறவர்களுக்குப் பக்கவாத்தியமும் வாசிப்பார். ஒரு நாள் குண்டு போடுகிற பொம்பர் விமானம் வந்த நேரம் பங்கர் குழிக்குள் குதித்ததில் வலது மணிக்கட்டு முறிந்தது. அதைச் சரியாகப் பொருத்திக் கட்ட அப்போது ஊரில் ஆளில்லை. கோணலாகவே எலும்பு பொருந்திவிட்டது. கை பலமாகத்தான் இருந்தது, மேலும் கீழும் மடங்கவில்லை. மணிக்கட்டு மடங்காமல் வயலின் வில்லைப் பிடிக்க முடியாது. அம்மா வயலினை ஊரிலேயே விட்டுவிட்டு வந்தார். வில்லுக்குப் பூசுகிற ரொசின் கட்டியை மட்டும், ஏன் என்று தெரியாமல், ஒரு துணியில் சுற்றிக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு வந்திருந்தார்.

பள்ளிக்கூட வேலைக்காக என்னை நூலகத்துக்குக் கூட்டிப்போன ஒரு சனிக்கிழமை, வாத்தியங்களைப் பற்றிய பெரிய படப் புத்தகம் ஒன்று அம்மாவின் கையில் அகப்பட்டது. அதில் ஒரு பக்கத்தில் அப்படியே நின்றுவிட்டார்.

"பிள்ளை, இது என்னண்டு வாசி."

"ஹர்டி கர்டி" என்று வாசித்தேன். பெட்டிபோல ஒரு வாத்தியம். உள்ளே மரத்தில் சக்கரம்போல ஒரு சில்லு. பின்பக்கத்தில் ஒரு கைபிடி. கைபிடியைச் சுற்றினால் சில்லு சுழலும். சுழலும் சில்லின் விளிம்பு தந்திகளில் உரசும். கட்டைகளை இடக்கை விரல்களால் அழுத்தினால் சுரம் மாறும். ஐரோப்பாவில் பழைய காலத்தில் தெருக்களில் வாசித்தார்களாம்.

அம்மா படத்தின்மேல் விரலை வைத்து, கைபிடியைச் சுற்றுவதுபோல வலது கையைத் தோளிலிருந்து ஒருமுறை சுற்றிப் பார்த்தார். பிறகு இன்னொரு முறை.

"வில்லுக்குப் பதிலாச் சில்லு," என்றார். "இதுக்கு மணிக்கட்டு தேவையில்லை."

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அதற்குப் பெயர் சில்லு வயலின்.

அப்படி ஒன்றை வாங்குவது என்ற பேச்சே எழவில்லை. எங்கே விற்கிறார்கள் என்றுகூட எங்களுக்குத் தெரியாது. அம்மா அந்தப் பக்கங்களைப் போட்டோக்கொப்பி எடுத்துக்கொண்டு வந்து, பாண் சுற்றி வந்த தாளின் பின்பக்கத்தில் அளவுகளைக் குறித்தார். அப்பா வேலையால் வந்து பார்த்தார்.

"இதென்ன?"

"செய்து பாக்கப்போறன்."

"உமக்கென்ன விசரே? பலகை வேலை தெரியுமோ உமக்கு?"

"பழுதாப் போனால் எறியிறது."

அப்பா கெட்ட மனிதர் இல்லை. தனிமையில் அம்மாவுக்குப் புத்தி தடுமாறுகிறது என்று அவர் உண்மையாகவே பயந்தார். தெரிந்தவர்களிடம் அப்படித்தான் சொன்னார். அவர்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து, அம்மாவின் முகத்தை உற்று உற்றுப் பார்த்துவிட்டு, தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனார்கள். ஒருவராவது அந்தப் படத்தைக் காட்டு என்று கேட்கவில்லை. நானும் கேட்கவில்லைத்தான்; எனக்கு எப்படியும் காட்டினார்.

சாமான் தேடுவது அம்மாவுக்கு ஒரு புதுத் தொழில்போல ஆனது. கவுன்சில் லொறி வந்து எடுப்பதற்காக வீடுகளின் முன் புல்லில் பழைய தளபாடங்களைப் போட்டு வைப்பார்களே, அப்படிக் கிடந்த ஒரு மேசையின் இழுப்பு லாச்சிதான் வாத்தியத்தின் உடம்பு. அதை அம்மா தலையில் வைத்துக்கொண்டு நடக்க, நான் பத்தடி பின்னால் வந்தேன். சில்லுக்கு, மரக்கறி வெட்டுகிற வட்டப் பலகை. கைபிடிக்கு, பழைய சாமான் கடையில் கிடைத்த இறைச்சி அரைக்கிற மெஷினின் பிடி. உடுப்புக் கொடியில் குத்துகிற மரக் கவ்விகளை அறுத்து, தேய்த்து, அழுத்தும் கட்டைகளாக ஆக்கினார். தந்தி மட்டும் வாத்தியக் கடையில் வாங்கியது. சமையலறை மேசை முழுவதும் மரத்தூள். சோற்றிலும் மரத்தூள் இருந்தது. கறி தாளிக்கிற மணத்தோடு ரொசின் மணமும் கலந்திருக்கும்; இரண்டையும் பிரித்து நினைக்க எனக்கு இப்போதும் வராது.

சில்லுக்கு நடுவே போகிற இரும்புக் கம்பிக்குத்தான் கடைக்குப் போக வேண்டி வந்தது. நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு ஹாட்வெயார் கடை. உள்ளே எண்ணெயும் புது வாளியும் மணக்கும். சுவர் முழுவதும் சின்னச் சின்ன லாச்சிகள். ஒவ்வொன்றின் முகத்திலும் உள்ளே இருக்கிற ஆணியோ நட்டோ கம்பியால் கட்டித் தொங்கவிடப்பட்டிருக்கும். கடைக்காரர் சாம்பல் நிற மேலங்கி போட்ட வெள்ளைக்காரர், அறுபது வயது இருக்கும். காதின் பின்னால் ஒரு பென்சில்.

முதல் தடவை நல்லபடியாகத்தான் போனது. நான் கேட்டேன், அவர் ஒரு முழக் கம்பியை வெட்டித் தந்தார். புரி போட்ட கம்பி. அம்மா அதற்கு இரண்டு நூல் கட்டைகளைத் தாங்கியாக வைத்து, கையால் சுற்றுகிற துளைக் கருவியால் லாச்சியில் ஓட்டை போட்டு, சில்லைப் பொருத்தினார்.

ஒரு பின்னேரம் அது பேசியது. பள்ளிக்கூடத்தால் வந்து சப்பாத்தைக் கழற்றிக்கொண்டு நின்றேன். சமையலறையிலிருந்து ஒரு சத்தம். குளிர்சாதனப் பெட்டியின் உறுமலுக்கும் ஆள் அழுவதற்கும் இடையில் ஒன்று. பிறகு அது மெல்லத் தெளிந்து ஒரே சுரமாக நின்றது. எட்டிப் பார்த்தால், அம்மா கண்ணை மூடிக்கொண்டு அந்தச் சுரத்தில் தன் குரலை வைத்திருந்தார். ஊரை விட்டு வந்த பிறகு அம்மா பாடி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. அரை நிமிடம் இருக்கும். பிறகு சில்லு தள்ளாடி, கிறீச்சென்று கத்தி, நின்றுபோனது.

அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் கத்தல்தான். நூல் கட்டைக்கு வசலின் பூசினார், மெழுகு பூசினார். ஒன்றும் சரிவரவில்லை.

"கடைக்காரரிட்டைக் காட்டிக் கேப்பம்," என்றார். "அந்த மனுசனுக்குத் தெரியும்."

சனிக்கிழமைக் காலை. அம்மா சேலைக்கு மேல் அப்பாவின் கம்பளிச் சட்டை போட்டிருந்தார், காலுறைக்கு மேல் செருப்பு. தலையணை உறைக்குள் சில்லு வயலின். கடையில் சனம். பெயின்ற் கலக்குகிற இடத்தில் என் வகுப்புத் தோழி ஒருத்தி தன் தகப்பனோடு நின்றாள். அந்த வருடம் முழுக்க நான் யாருடைய பக்கத்தில் இருந்து சாப்பிட ஆசைப்பட்டேனோ, அவள். என்னைக் கண்டு கையைக் காட்டினாள். அம்மா தலையணை உறையிலிருந்து லாச்சியை எடுத்துக் கவுண்டரில் வைத்து, கைபிடியைச் சுற்றினார்.

அந்தச் சத்தத்தை எழுத எனக்குத் தெரியவில்லை. கடை முழுவதும் திரும்பியது. யாரோ ஒரு ஆள் காதைப் பொத்திக்கொண்டு பகிடியாக ஏதோ சொன்னார். தோழியின் தகப்பன் சிரித்தார். தோழியும் சிரித்தாள். அம்மா விடாமல் சுற்றினார்; எப்போது தள்ளாடுகிறது என்று கடைக்காரருக்குக் காட்ட வேண்டுமே.

கடைக்காரர் சிரிக்கவில்லை. குனிந்து சில்லுக்குப் பக்கத்தில் காதை வைத்தார். கம்பியைத் தொட்டுப் பார்த்தார். பிறகு என்னிடம் ஆங்கிலத்தில், நிதானமாகச் சொன்னார்:

"உன் அம்மாவிடம் சொல், சில்லில் பிழை இல்லை. நான் கொடுத்த கம்பியில்தான் பிழை. புரி மரத்தைத் தின்கிறது. இதற்கு வழுவழுப்பான கம்பியும் இரண்டு பேரிங்கும் வேண்டும். என்னிடம் வீட்டில் இருக்கிறது. அடுத்த சனிக்கிழமை கொண்டு வருகிறேன், நானே பொருத்தித் தருகிறேன். இது அழகான வேலை என்றும் சொல்."

அம்மா என்னைப் பார்த்தார். "என்னவாம்?"

என் முதுகுப் பக்கம் தோழி நிற்கிறாள். அடுத்த சனிக்கிழமையும் இந்தக் கம்பளிச் சட்டை, இந்தத் தலையணை உறை, இந்தக் கத்தல். எனக்கு யோசிக்க நேரம் எடுக்கவில்லை.

"அவரிட்டை அப்பிடி ஒரு சாமானும் இல்லையாம். இனி இதை இஞ்சை கொண்டுவர வேண்டாமாம்."

அம்மா கடைக்காரரின் முகத்தைப் பார்த்தார். அவர் அம்மாவைப் பார்த்துப் புன்னகைத்துக்கொண்டிருந்தார். நல்ல செய்தி சொன்னவரின் புன்னகை. என் சொல்லைக் கேட்டுவிட்டு அந்தப் புன்னகையைப் பார்த்தால் அது வேறாகத்தான் தெரிந்திருக்கும். அம்மா "தாங்க்யூ" என்றார், அவருக்குத் தெரிந்த ஆங்கிலத்தில். லாச்சியை உறைக்குள் போட்டுக்கொண்டு வெளியே நடந்தார். நான் பின்னால் போனேன். கடைக்காரர் "சாட்டர்டே" என்று கையை உயர்த்தியது எனக்கு மட்டும்தான் கேட்டது.

பத்து நாள் கழித்து அம்மாவை வேலையால் நிற்பாட்டினார்கள்.

மின்விசிறி மோட்டாரில் பேரிங் இருக்கும். சோதனையில் தவறியவற்றை ஒரு தொட்டியில் போடுவார்கள். பழைய இரும்புக்குப் போகிற தொட்டி. அதிலிருந்து இரண்டை எடுத்துச் சாப்பாட்டுப் பெட்டிக்குள் வைத்திருக்கிறார். வாசலில் பையைச் சோதித்தபோது அகப்பட்டது. மறுநாள் அலுவலகத்துக்கு வந்து விளக்கம் சொல்லச் சொன்னார்கள். அப்பாவுக்குப் பகல் ஷிப்ட். பள்ளிக்கூடத்துக்குப் போகாமல் நான் போனேன்.

கண்ணாடி போட்ட சின்ன அறை. மேசைமேல் ஒரு வெள்ளைத் தாளில் அந்த இரண்டு பேரிங்கையும் வைத்திருந்தார்கள். மேற்பார்வையாளர் கோபமாக இல்லை. களைத்துப்போனவராக இருந்தார்.

"ஏன் எடுத்தார் என்று கேள்."

அம்மா சொன்னார்: "ஒரு வாத்தியம் செய்யிறன். அதுக்குத் தேவைப்பட்டது. எறியிற சாமான் எண்டு நினைச்சிட்டன். பிழைதான்." நான் ஒரு சொல்லும் மாற்றாமல் சொன்னேன்.

"கேட்டிருக்கலாமே. அல்லது கடையில் வாங்கியிருக்கலாமே."

தமிழில் சொன்னேன். அம்மா தலையை ஆட்டினார்.

"கடையில கேட்டனான் எண்டு சொல்லு. கடைக்காரர் இல்லையெண்டு சொல்லிப்போட்டார். கொண்டுவர வேண்டாமெண்டும் சொன்னவர்."

இருவரும் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் சொன்ன பொய்யை நானே ஆங்கிலத்தில் எடுத்துச் சொன்னேன். என் குரல் நடுங்கவில்லை. எனக்கு இப்போது பயம் தருவது அதுதான்.

மேற்பார்வையாளர் பெருமூச்சு விட்டார். "எந்த ஹாட்வெயார் கடையிலும் இது கிடைக்கும். இல்லாவிட்டால் எடுப்பித்துத் தருவார்கள். உன் அம்மா எனக்கு உண்மை சொல்லவில்லை."

"என்னவாம்?" என்றார் அம்மா.

"சட்டம் அப்பிடியாம் அம்மா. ஒண்டும் செய்ய ஏலாதாம்."

வீட்டுக்கு வருகிற பஸ்ஸில் அம்மா யன்னல் பக்கம் இருந்தார். நான் அழுதேன். அம்மா என் முதுகைத் தடவி, "நீ நல்லாக் கதைச்சனி, பிள்ளை. உன்னில பிழையில்லை," என்றார்.

அப்பா சத்தம் போடவில்லை. "ஒரு விளையாட்டுச் சாமானுக்காக," என்றார், அவ்வளவுதான். வேலை போனதைவிட, ஊரில் ரீச்சர் என்று எழுந்து நின்று மரியாதை செய்த சனத்துக்குள் 'களவெடுத்தவ' என்ற சொல் புழங்கப்போகிறது என்பது அவருக்குத் தாங்கவில்லை. அது புழங்கவும் செய்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் வருகிறவர்கள் குறைந்தார்கள். அம்மாவிடம் பாட்டுப் பழகத் தன் மகளை அனுப்புவதாகச் சொல்லியிருந்த ஒரு அன்ரி, பிறகு அனுப்பவில்லை.

அப்போதும்கூட நேரம் இருந்தது. அதைத்தான் நான் உங்களிடம் சொல்ல வேண்டும். சில்லு வயலின் அலுமாரிக்கு மேலேயே இருந்தது. இரண்டு கிழமை கழித்துக் குழாய்க்கு வாஷர் வாங்க அப்பா என்னை அந்தக் கடைக்கு அனுப்பினார். கடைக்காரர் என்னைக் கண்டதும் கவுண்டருக்குக் கீழே குனிந்து ஒரு கடதாசிப் பையை எடுத்தார். பையின்மேல் பென்சிலால் ஆங்கிலத்தில் எழுதியிருந்தது: 'வயலின் அம்மா'. உள்ளே துடைத்து எண்ணெய் பூசிய இரண்டு பேரிங். அளவாக வெட்டிய வழுவழுப்பான கம்பி.

"உன் அம்மா வரவில்லையே. சுகமில்லையா?"

"சுகமில்லை," என்றேன்.

"கொண்டுபோய்க் கொடு. காசு வேண்டாம். வேலை செய்ததும் கொண்டுவந்து காட்டச் சொல்."

வீட்டுக்குப் போகிற வழியில் ஓடைக்கு மேலே நடைபாலம் இருக்கிறது. அதில் நின்றேன். பையைக் கொடுத்தால் எங்கிருந்து வந்தது என்று சொல்ல வேண்டும். கடைக்காரர் தந்தார் என்றால், ஏன் இப்போது தந்தார் என்று அம்மா கேட்பார். கேட்டால் எல்லாம் வெளியே வரும்: வேலை, களவு, எல்லாம். பதினொரு வயதில் அந்தக் கணக்கை மிகச் சரியாகப் போட்டேன். ஒவ்வொன்றாகத் தண்ணீருக்குள் போட்டேன். கடைசியாகப் பையையும் கிழித்துப் போட்டேன்.

அடுத்த கவுன்சில் லொறி வந்தபோது அம்மா தந்திகளைக் கழற்றிவிட்டு, லாச்சியைப் புல்லில் கொண்டுபோய் வைத்தார். பிறகு முதியோர் விடுதியொன்றில் துப்புரவு வேலை கிடைத்தது. ஓய்வு பெறும்வரை அதிலேயே இருந்தார். வயலினைப் பற்றியோ பாட்டைப் பற்றியோ பேசவில்லை. ஆனால் அந்தக் கடைக்காரரைப் பற்றிப் பேசினார். புதிதாக வந்த சனத்துக்கெல்லாம் சொல்வார்: "அந்தக் கடைக்குப் போகாதேங்கோ. என்ரை சாமானைப் பார்த்துச் சிரிச்ச மனுசன்." எங்கள் தெருவில் தமிழ்ச் சனம் கூடக்கூட, அந்தக் கடைக்குப் போகாத சனமும் கூடியது. ஒருநாள் கடை மூடிக் கிடந்தது. இப்போது அது பல் வைத்தியசாலை.

அப்பா எதுவும் தெரியாமலே போய்விட்டார்.

இந்த வருடத் தொடக்கத்தில் ஒரு மத்தியானம் அம்மாவும் நானும் தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்தோம். எண்பதை நெருங்குகிறார், என்னோடுதான் இருக்கிறார். ஏதோ ஒரு நாட்டுத் தெருவில் ஒரு பெண் அந்த வாத்தியத்தை வாசித்துக்கொண்டு போனாள். அம்மா சத்தத்தைக் கூட்டச் சொன்னார். முடியும்வரை கேட்டார். பிறகு, "அந்தக் கடைக்கார மனுசன்ரை சிரிப்பு இப்பவும் கண்ணுக்குள்ள நிக்குது," என்றார்.

நான் சொல்லிவிட்டேன். கடை, அலுவலகம், பாலம், எல்லாவற்றையும். தொலைக்காட்சியை நிறுத்தக்கூட இல்லை.

அம்மா கதிரையை என் பக்கம் திருப்பிக்கொண்டார். பிறகு, "அவர் என்ன சொன்னவர்? அப்பிடியே சொல்லு," என்றார். சொன்னேன். அவருடைய ஒவ்வொரு சொல்லும் எனக்குப் பாடமாக இருந்தது. அழகான வேலை என்று அவர் சொன்னதையும் சொன்னேன்.

"அவரின்ரை பேர் என்ன?"

"தெரியாது அம்மா. கேக்கேல்லை."

"பேர்கூடத் தெரியாமல் நாப்பது வருசம் அந்த மனுசனைத் திட்டியிருக்கிறன்," என்றார். தன் கைகளைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

சொன்னால் பாரம் குறையும் என்று நினைத்திருந்தேன். குறைந்ததுதான். அதை எங்கே இறக்கி வைத்தேன் என்பதை அப்போதுதான் பார்த்தேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை ஹெலன்ஸ்பர்க் கோயிலுக்குக் கூட்டிப்போகச் சொன்னார். அர்ச்சனைத் தட்டை அவரே வாங்கி, அவரே பிடித்துக்கொண்டு நின்றார்.

"யார் பேருக்கும்மா? நட்சத்திரம் சொல்லுங்க," என்றார் ஐயர்.

"பேர் தெரியாது ஐயா. நட்சத்திரமும் தெரியாது. ஒரு வெள்ளைக்காரர். கடை வச்சிருந்தவர்."

ஐயர் என்னைப் பார்த்தார், நான் விளக்குவேன் என்று. நான் வாயைத் திறக்கவில்லை.

"சுவாமி பேருக்கே பண்ணிடலாம்மா. வேற யாருக்காவது?"

எப்போதும் அம்மா முதலில் என் பெயரையும் நட்சத்திரத்தையும் சொல்வார். நான் பிறந்த நாளிலிருந்து அப்படித்தான்.

"வேற ஒருத்தருக்கும் இல்லை," என்றார்.

மணி அடித்தது. நான் கும்பிட்டுக்கொண்டு பக்கத்தில் நின்றேன்.